பஞ்சர் கடை அண்ணனுக்கும் எங்கள் தெருவுக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

மகள் பேசி மூன்று நாள்தான் ஆகிறது. கை நடுக்கம் இன்னும் முழுசாக நிற்கவில்லை. நின்ற பிறகு எழுதலாம் என்றால் பாதி மறந்துவிடும், அதனால் இப்போதே எழுதுகிறேன். நடந்தது என்ன என்று வில்லாபுரத்தில் எங்கள் பக்கம் தெரியாத ஆள் இல்லை. கனடாவின் வடக்கே டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் மோட்டார் ஹோமில், அதாவது வீடு மாதிரியே எல்லாம் உள்ள வண்டியில், போன மகள் குடும்பம் சாலை மூடியதால் நடுவழியில் நின்றுபோய், ஐந்தாம் நாள் வரை சேதியே இல்லை. அதற்கு மேல் விவரமாகத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. மகள், மாப்பிள்ளை, பேரன், பேத்தி நாலு பேரும் பத்திரம். வண்டியும் அந்தச் சாலை தொடங்கும் பக்கத்து ஊரான டாசன் சிட்டிக்கு நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டது.

முதலில் பஞ்சர் கடை அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவனியாபுரம் ரோட்டில் வேப்பமரத்தடியில் கம்ப்ரஸரோடு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். 19 வருஷமாக அந்த வழியாகத்தான் காய்கறி வாங்கப் போய்வருகிறேன். ஸ்கூட்டிக்குக் காற்றடித்துக் காசு கொடுத்ததோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி வீடு நிறைய ஆட்கள். மீனாட்சி பார்த்துக்குவா, ஒண்ணும் ஆகாது என்று எல்லாரும் ஆறுதல் சொன்னீர்கள். சொல்லச் சொல்ல எனக்கு வயிறு இன்னும் கலங்கியது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றபடியே கேட்டார்: "வண்டி என்ன வண்டி தங்கச்சி?"

அதுவரை யாருமே என்னிடம் கேட்காத கேள்வி அது.

கிளம்பும் முன் மோட்டார் ஹோமைச் சுற்றிக் காட்டி மகள் அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அண்ணன் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பின்பக்கம் ஜோடி டயர், லாரி மாதிரி. ஸ்டெப்னி இரண்டு. அடுப்பு, பிரிட்ஜ், ஹீட்டர் மூன்றும் கேஸில் ஓடும். தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர். மகள் அரிசி டின்னைத் திறந்து காட்டும் இடத்தில் நிறுத்தி, "இது எத்தனை கிலோ இருக்கும்?" என்றார். பத்து கிலோ என்றேன். கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.

"நாலு பேரு சிக்கனமாப் புழங்குனா தண்ணி பத்து நாளைக்கு வரும். உங்க மக வீட்டை விட்டுப் போகல தங்கச்சி, வீட்டோட போயிருக்கு."

அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கியது.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து டயரில் குறி போடும் சாக்பீஸை எடுத்து, வாசல்படிக்குப் பக்கத்துச் சிமெண்ட் தரையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். எட்மன்டனில் இருக்கும் மாப்பிள்ளையின் நண்பர் அனுப்பிய விவரத்தை நான் படிக்கப் படிக்க, ஊருக்கு ஒரு டியூப் வால்வு மூடியாக அந்தக் கோட்டின் மேல் வைத்தார். டாசன் பக்கம் சாலை தொடங்கும் இடத்தில் ஒன்று. சுமார் 370 கிலோமீட்டர் தள்ளி ஈகிள் பிளெயின்ஸ். அதற்கு மேலே ஃபோர்ட் மெக்பெர்சன், கடைசியில் இனுவிக். டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை மொத்தம் 740 கிலோமீட்டர் வரும். முதல் மூடிக்கும் இரண்டாவது மூடிக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது, போனும் எடுக்காது. மதுரையில் கிளம்பினால் மேல்மருவத்தூர் வரை ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கென்று ஒரு வீல் நட்டை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

"இவ்வளவு பணக்கார நாடு, ஏன் தார் போடல?" என்றார். நண்பரைக் கேட்டுச் சொன்னேன்: அங்கே நிலத்துக்கு அடியில் மண் வருஷம் பூராவும் உறைந்தே கிடக்கும், அது உருகினால் சாலை உள்வாங்கிவிடும், அதனால் சூடு கீழே இறங்காதபடி சரளையை ஆள் உயரத்துக்கு மெத்தை மாதிரி போட்டு வைத்திருக்கிறார்கள். அண்ணன் தலையாட்டினார். அடுத்து, "எத்தனை மணிக்கு இருட்டும்?" ஆனி மாசத்தில் அந்தப் பக்கம் இருட்டுவதே இல்லை என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. "அப்பப் பாதி பயம் போச்சு. நின்ன வண்டிக்காரனுக்கு ராத்திரிதான் எமன்."

27 வருஷம் லாரி ஓட்டியவர். ஆப்பிள் ஏற்றப் போய்க் காஷ்மீரில் பனிஹால் பக்கம் ஆறு நாள் பனியில் நின்றிருக்கிறார். ஸ்டவ்வில் பனியை உருக்கி டீ போட்டுக் குடித்தாராம். அதைச் சாகசம் மாதிரிச் சொல்லவில்லை. சாலை மூடிக் கிடந்தால் வண்டிக்காரன் என்ன செய்வான், எதை முதலில் பார்ப்பான் என்று எனக்கு வரிசையாகப் புரியவைத்தார். "இனுவிக்ல சனம் இருக்குல்ல? அப்பச் சரக்கு போயித்தான் ஆகணும். வழி விட்டதும் மொதல்ல லாரிதான் வரும். பார்த்துட்டு நிக்காமப் போற லாரிக்காரன் எந்த ஊர்லயும் கிடையாது."

அன்றிலிருந்து தினம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தார். நமக்கு ஒன்பது என்றால் அங்கே காலை எட்டரை. "அங்க விடிஞ்சிருச்சு, இனிமே ஆள் நடமாட்டம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பேச்சுகூட அதிகம் கிடையாது.

ஐந்தாம் நாள் ஈகிள் பிளெயின்ஸிலிருந்து மகள் பேசியபோதும் அவர் அங்கேதான் இருந்தார். சேதியை முதலில் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு லாரிக்காரர் என்று அவள் சொன்னாள். ஆத்திர அவசரத்துக்கு விமானம் இறங்குவதற்காகச் சாலையையே அகலமாகப் போட்டு வைத்திருக்கும் ஓர் இடத்தில் ஒதுக்கி நின்றிருக்கிறார்கள். அரிசி இன்னும் மீதி இருக்கிறதாம். நான் அழுததில் பாதி காதில் விழவில்லை. அண்ணன் அந்த நட்டை எடுத்து இரண்டாவது மூடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

மற்றவர்களை மறக்கவில்லை. ஐந்து நாளும் என் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருப் பெண்கள், வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்த நர்ஸம்மா, கோரிப்பாளையம் தர்காவில் எங்களுக்காக துவா கேட்ட எதிர்வீட்டு அக்கா, தூங்காமல் போன் போட்டுக்கொண்டே இருந்த எட்மன்டன் பிள்ளைகள், பேர் தெரியாத அந்த லாரிக்காரர், ஈகிள் பிளெயின்ஸில் பேரப் பிள்ளைகளுக்குச் சூடாக சூப் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றவர்கள், எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அண்ணனிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் சிரிக்கிறார். நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வேப்பமரத்தடியில் ஒரு மண்பானைத் தண்ணீரும், வெயில் காலத்தில் மோரும் இனி என் பொறுப்பு. ராத்திரி டயர் மாற்ற நிற்கிற எந்த ஊர் டிரைவரும் குடிக்கலாம்.

மூடிகளை மறுநாளே எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார், கடைக்கு வேண்டுமே. நட்டை மட்டும் விட்டுவிட்டார். "பேத்தி வந்தாக் குடுங்க" என்றார். டிசம்பரில் வருகிறார்கள். சாக்பீஸ் கோட்டை நான் இன்னும் கழுவவில்லை. காலையில் கோலத்தை அதன்மேல் படாமல் கொஞ்சம் தள்ளித்தான் போடுகிறேன்.