திருப்பணி நிறைவு அறிக்கை: கானோ சமவெளியில் 9 கூரைகள்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கென்யாவில் கிசுமு நகரத்துக்குக் கிழக்கே, கானோ சமவெளியில் நாம் எடுத்துக்கொண்ட வேலை இந்தப் பிப்ரவரியோடு முடிந்தது. 9 வீடுகளுக்குப் புதுக் கூரையும் மழைநீர்த் தொட்டியும் போட்டிருக்கிறோம். பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு பட்டறைக் கொட்டகையும் எழுந்துவிட்டது. முதலில் எண்ணியது 11 வீடுகள். மீதி இரண்டும் என்ன ஆயின என்பதைக் கீழே மறைக்காமல் சொல்லியிருக்கிறோம். வரவு செலவு, தணிக்கையாளர் கையெழுத்தோடு தனித் தாளில் இருக்கிறது. அந்தத் தாளில் வராதவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பழைய கேள்வி ஒன்றுக்குப் பதில். "பிள்ளைகளுக்கு இல்லம் கட்டப்போகிறோம் என்றுதானே பணம் வாங்கினீர்கள், இல்லம் எங்கே?" என்று சென்ற பொதுக்குழுவில் பலர் கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். முதல் வேண்டுகோளில் இரண்டு மாடி வரைபடம் ஒன்றையே அச்சிட்டு அனுப்பியிருந்தோம். ஊருக்குப் போய்ப் பார்க்கும் முன்பே வரைபடம் போட்டது குழுவின் தவறு.

போய்ப் பார்த்தபோது, நாம் அநாதை என்று எழுதி வைத்திருந்த பிள்ளைகளில் யாருக்குமே ஆள் இல்லாமல் இல்லை. பாட்டி இருந்தார், சில வீடுகளில் அத்தை, ஒரு வீட்டில் தாய் உயிரோடு இருந்தார். உலகக் கணக்கெடுப்புகளில் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் அநாதை என்றே எண்ணுகிறார்கள், அந்தச் சொல்லை நாம்தான் தமிழில் படித்து வேறு மாதிரி புரிந்துகொண்டோம். கிசுமு, சியாயா, ஹோமா பே, மிகோரி ஆகிய விக்டோரியா ஏரிக்கரை மாவட்டங்கள் கென்யாவிலேயே எச்ஐவி அதிகம் பரவிய பகுதி. மருந்து பரவலாகக் கிடைக்கும் முன் நடுத் தலைமுறையில் ஏகப்பட்ட பேர் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளைப் பாட்டி வளர்ப்பது அங்கே யாருக்கும் புதிய செய்தி இல்லை.

அரசும் அதே பக்கம்தான் போகிறது. புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை 2017 நவம்பரில் கென்யா நிறுத்தியது. 2022-இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பத்துக்குத் திருப்பும் பத்தாண்டுத் திட்டம் ஒன்றும் அதே ஆண்டில் தொடங்கியது. நாம் கட்டியிருந்தாலும் பதிவு கிடைத்திருக்காது. இரண்டு மாடிக் கட்டடம் பூட்டிக் கிடந்திருக்கும்.

சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்றை அங்கேதான் தெரிந்துகொண்டோம். அங்கே வாழும் லுவோ இன மக்கள் இறந்தவர்களைத் தங்கள் வீட்டு வளவிலேயே புதைப்பது வழக்கம். எனவே அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா சமாதி வாசலுக்கு எதிரேயே இருக்கிறது, அந்த மண்தான் அவர்களுடைய சொத்தும். பிள்ளையை ஊரை விட்டு விடுதிக்குக் கூட்டிப்போனால் சாப்பாடு கிடைக்கும், படிப்பும் கிடைக்கலாம். பதினெட்டு வயதில் திரும்பி வரும்போது வேலி நகர்ந்திருக்கும். வீடு நின்றால், அதில் ஆள் இருந்தால், நிலம் நிற்கும். இதைக் கேட்ட அன்றே இல்லம் என்ற பேச்சைக் குழு கைவிட்டது.

சரி, கூரை ஏன்? புல் கூரையில் சுத்தமான மழைநீர் பிடிக்க முடியாது, துருப்பிடித்த தகரத்திலும் முடியாது. கணக்கு எளிது. 30 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 30 லிட்டர். ஒரு நல்ல சாயங்கால மழை 40 மில்லிமீட்டர் என்றால் 1,200 லிட்டர். சிந்துவது சிதறுவது போக ஆயிரத்தை ஒட்டித் தேறும். மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. இடையில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் தொண்டை வறளும் காலம். ஐந்து பேர் வீட்டுக்கு ஆளுக்கு 15 லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 75 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி 66 நாள் வரும். அதனால்தான் அந்த அளவு.

இதுவரை அந்தத் தண்ணீரைச் சுமந்தவர்கள் பிள்ளைகள். சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் ஜெரிக்கேன், 20 லிட்டர். பள்ளிக்கு முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு நடை.

இனி வேலையில் நடந்த கோளாறுகள்.

முதலாவது தகடு. 28 கேஜ் என்று பேசிப் பணம் கட்டினோம். லாரியில் வந்து இறங்கியது 30 கேஜ். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெல்லிசு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் பளபளக்கும். நம் ஆட்கள் எண்ணிப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். ஃபுண்டி (அங்கே கொத்தனார், தச்சர், மெக்கானிக் எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான்) மேல் தகட்டை எடுத்துக் கட்டை விரலால் நடுவில் அழுத்தினார். அது டொக்கென்று உள்ளே போய், விரலை எடுத்ததும் வெளியே வந்தது. சிரித்தபடி அடுக்கைத் திரும்ப லாரியில் ஏற்றச் சொன்னார். லாரி போய்விட்டிருந்தது. பாதியை மாற்ற முடிந்தது, மீதிக்கு விலை வித்தியாசம் வாங்கினோம். அந்த மெல்லிய தகடுகளை வீடுகளுக்குப் போடவில்லை. பட்டறைக் கொட்டகையின் பக்கச் சுவருக்குப் பயன்படுத்தினோம். இனிமேல் லாரி நிற்கும்போதே கட்டை விரல் வைப்பது என்று முடிவு.

இரண்டாவது கோளாறுதான் பணத்தைத் தின்றது. கானோ சமவெளி பெரும்பாலும் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்த உறுப்பினர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை: வெயிலில் கால் நுழையும் அளவு வெடிக்கும், மழையில் ஊதும். நம் குழுவில் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தும், தொட்டி மேடையை ஓரடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு முடித்தோம் என்பது வெட்கக்கேடு. 5,000 லிட்டர் நிறைந்தால் 5 டன். ஏப்ரலில் நான்கு மேடைகள் விரிசல் விட்டன, ஒரு தொட்டி குடிகாரனைப் போலச் சாய்ந்து நின்றது. மழை ஓய்ந்ததும் நான்கையும் உடைத்து, கரிசலை மூன்றடிக்கு மேல் தோண்டி எடுத்து, உடைகல்லும் முரமும் போட்டுத் திமிசு அடித்துப் புதிதாகக் கட்டினோம். முரம் என்பது அங்கே சாலைக்குப் போடும் செம்புறைச் சரளை. விரிசல் விடாமல் நின்ற ஐந்தில் இரண்டை மட்டும் பார்த்துவரச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு வீட்டில் மேடைக்குக் குறித்த இடத்திலிருந்து ஏழடி தள்ளி மகனுடைய சமாதி. ஆழமாகத் தோண்ட வேண்டும் என்றதும் பாட்டியம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து, சமாதிக்கும் குழிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். தொட்டியை வீட்டின் மறுபக்கம் கொண்டுபோனோம். கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் தகர வாய்க்கால் கூடுதலாக 4 மீட்டர் ஆயிற்று. தணிக்கைத் தாளில் "கூடுதல் வாய்க்கால்" என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான் இது.

இப்போது விட்டுப்போன இரண்டு வீடுகள். ஒன்றில் வேலை தொடங்கும் முன்பே பாட்டி காலமாகிவிட்டார். பிள்ளைகள் தாய்மாமன் வீட்டுக்குப் போனார்கள், அங்கே நல்ல கூரை இருக்கிறது. மற்றொன்றுக்கு ஒதுக்கிய பணம் அந்த நான்கு மேடைகளில் போயிற்று. அந்த வீட்டம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை என்று எழுதினால் பொய்.

கூலிக்கு நாம் கொடுத்தது பாதிதான். மணல் ஏற்றியது, கல் உடைத்தது, பழைய புல்லைப் பிரித்துப் போட்டது எல்லாம் அக்கம்பக்கத்தார். கென்யாவின் அரசுச் சின்னத்திலேயே "ஹராம்பே" என்று எழுதியிருக்கும்; எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்று பொருள். நம்முடைய ஊர் கூடித் தேர் இழுப்பதற்கு இதைவிட நேரான சொல் வேறு மொழியில் இருக்குமா தெரியவில்லை. கொடுத்த கூலியும் கையில் கொடுக்கவில்லை, எல்லாம் எம்-பெசா என்ற கைபேசிப் பணப் பரிமாற்றத்தில். ஒவ்வொரு குறுஞ்செய்தியும் ஒரு ரசீது. அதில் ஒரு வேடிக்கை: ஸ்வாஹிலி மொழியில் "நியான்யா" என்றால் பாட்டி, தக்காளியும் அதே சொல்தான். "நியான்யாவுக்கு" என்று குறித்திருந்த ஒரு செலவுக்கு எத்தனை கிலோ என்று தணிக்கையாளர் கேட்டார்.

இன்னொரு பாட்டி தொட்டியே வேண்டாம் என்றார். அவருடைய மூத்த பேரனுக்கு 15 வயது. வளர்ந்த பையன் பெரியவர்கள் வீட்டில் படுக்கக்கூடாது, வளவிலேயே அவனுக்கென்று "சிம்பா" என்ற தனிக் குடில் வேண்டும் என்பது லுவோ முறை. "தண்ணீர் அவன் கொண்டுவருவான், அவன் எங்கே படுப்பான்?" என்றார். நம் திட்டத்தில் சிம்பாவுக்கு இடம் இல்லை. கடைசியில் கூரைக்கு மிஞ்சிய தகட்டைக் கொடுத்தோம். சுவரை அவனும் நண்பர்களும் மண் குழைத்து எழுப்பினார்கள். தொட்டியும் வந்தது. குழு விதியை மீறிய செலவு இது ஒன்றுதான், கேட்டால் மறுபடியும் செய்வோம்.

பட்டறை பற்றிச் சுருக்கமாக. வெல்டிங்குக்கு 8 பேர், தையலுக்கு 6 பேர். தையல் இயந்திரம் எல்லாம் கால் மிதி. மின்சாரம் போனாலும் ஓடும். பயிற்சி முடிப்பவர்கள் அரசின் தொழிற்பயிற்சி ஆணையம் நடத்தும் மூன்றாம் நிலைத் தேர்வை எழுதுவார்கள். சான்றிதழ் வாங்கியும் கையில் சுத்தியல் இல்லாததால் பைக் டாக்சி ஓட்டப் போன பையன்களைப் பார்த்துவிட்டோம். எனவே தேறியவர்களுக்குக் கருவிப் பெட்டியும் உண்டு, இரண்டு பேருக்கு ஒரு பெட்டி. தனித்தனியே கொடுக்கலாமே என்று குழுவில் இருவர் வாதாடினார்கள், பணம் இடம் கொடுக்கவில்லை.

பெயர்ப் பலகை பற்றிச் சிலர் எழுதியிருந்தீர்கள். திருப்பணி என்றால் கல்வெட்டு இருக்க வேண்டாமா என்று. தொட்டிகளில் நம் பெயரோ நன்கொடையாளர் பெயரோ எழுதவில்லை. எழுதினால், அந்த வீட்டுப் பிள்ளை தினமும் தண்ணீர் பிடிக்கும்போது ஊரார் முன் "உதவி வாங்கிய வீடு" ஆகிவிடும். மனம் வருந்தினால் குழுவை மன்னிக்கவும், முடிவை மாற்றப்போவதில்லை.

தொட்டிகள் முதல் கோடையைக் கண்டுவிட்டன. ஆறு வீடுகளில் தண்ணீர் பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை வந்தது. மூன்று வீடுகளில் ஜனவரி நடுவிலேயே காலி. குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க ஆள் அனுப்பினோம். ஒழுகவில்லை. பக்கத்து வீட்டார் ஜெரிக்கேனோடு வந்து நின்றிருக்கிறார்கள், பாட்டிமார் இல்லையென்று சொல்லவில்லை. அன்று மேடைக்கு மணல் சுமந்தவர்கள் அவர்கள்தான். நம் 66 நாள் கணக்கில் அக்கம்பக்கம் என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டும்.

கையில் நிற்கும் சிறு தொகை பராமரிப்புக்கு. மார்ச் மழைக்கு முன் கூரைத் தூசியும் இலையும் அடைத்த தகர வாய்க்கால்களைத் துடைக்க வேண்டும். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே தள்ளும் குழாயின் மூடியையும் திறந்து கழுவ வேண்டும். இதற்கெல்லாம் ஏணி வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 9 வீட்டில் ஒரு வீட்டிலும் ஏணி இல்லை. வெல்டிங் பிள்ளைகள் மிச்சக் குழாயில் ஒன்று செய்து கொடுத்தார்கள். கொஞ்சம் கனம், இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது ஏணி மூன்றாவது வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்