மாத்திரையைப் பற்றி நீ கேட்டது

தஞ்சாவூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நீ கடைசியாகப் பேசி இன்றோடு 22 நாளாகிறது. வேலை அதிகமாக இருக்கும் என்கிறாள் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

ஓலாபரிப் மாத்திரை முதலில் சினைப்பைப் புற்றுநோய்க்காக வந்ததாயிற்றே, என் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு ஏன் கொடுத்தார்கள் என்று அன்று கேட்டாய். என்னைப் பார்க்க வந்த ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. பெருமைப்பட்டிருக்க வேண்டிய நான், "டாக்டர் எழுதினார், சாப்பிடுகிறேன்" என்று சொல்லிப் பேச்சை வீட்டு வரிக்குத் திருப்பினேன். அதற்காக இத்தனை நாள் பேசாமல் இருப்பதா? அம்மா தினமும் சாயங்காலம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

செல்லுக்குள் டிஎன்ஏ அறுபட்டால் அதைச் சரிசெய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. என் கட்டியில் பிஆர்சிஏ-2 என்ற மரபணு கெட்டிருப்பதால் ஒரு வழி அடைபட்டிருக்கிறது; மாத்திரை இன்னொன்றையும் அடைத்துவிட, அந்தச் செல் பிழைக்க வழியின்றிச் சாகிறது. ஹார்மோன் ஊசிக்கும் அதன்பின் கொடுத்த மாத்திரைக்கும் நோய் அடங்காதபோதுதான் மரபணுச் சோதனைக்கு எழுதினார்கள். புராஸ்டேட்டுக்கு இதை அமெரிக்காவில் அனுமதித்ததே 2020-இல்தான். அத்தையின் காலத்தில் இப்படி ஒன்று இல்லை.

இவ்வளவையும் அன்றே போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதது இனி வருவதுதான். அந்தக் கோளாறு கட்டியில் மட்டுமல்ல, என் இரத்தத்திலும் இருக்கிறது. அதாவது பிறவியிலேயே வந்தது. அத்தைக்கும் இதுவாகவே இருந்திருக்க வேண்டும். உனக்கும் தம்பிக்கும் வந்திருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தை மாதமே முடிவு கைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள் என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்து, காகிதத்தை வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். உன் கல்யாணப் பேச்சு நடக்கும்போது இது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். 43 வயதில் போன அத்தையின் பாடையைத் தூக்கியவன் நான். அப்படியிருந்தும் உன் உடம்பைவிடச் சம்பந்தம் எனக்குப் பெரிதாகிவிட்டது. நீ கேட்டபோதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்லவில்லை.

இந்தக் கோளாறு உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 69 சதவீதம், சினைப்பையில் 17 சதவீதம் என்று 2017-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. படித்துவிட்டுப் பயந்துவிடாதே. இருப்பது தெரிந்தால் 25 வயதிலிருந்தே வருடந்தோறும் மார்புக்கு எம்ஆர்ஐ எடுத்து, வந்தாலும் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடப் பார்க்கிறார்கள். உனக்கு 28 ஆகிறது. சினைப்பையை எடுப்பது பற்றிய யோசனை குழந்தை பெற்ற பிறகு, நாற்பதை ஒட்டித்தான் வரும். இப்போதே அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. சோதித்துக்கொள்வதும் கொள்ளாததும் உன் முடிவு. ஆனால் மரபணு ஆலோசகர் ஒருவரைச் சீக்கிரம் போய்ப் பார், உடம்பைப் பார்த்துக்கொள்.

சோதனை முடிவின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் டாக்டர் சிவப்பு மையால் கோடிட்ட வரியைக் காட்டினால், அந்த ஒரு மாற்றம் உனக்கும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதுமாம். தம்பிக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா