சதுப்பை மூடிவிட்டுத் தண்ணீருக்கு அலைகிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நகரங்களைப் பசுமையாகத் திட்டமிடுவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை உதகையில் இருந்து படித்தேன். அதில் சொன்ன மரம் நடுதலும் மாடித் தோட்டமும் சமவெளி நகரங்களுக்குப் பெரிதும் உதவும். எங்கள் ஊரின் குறை வேறு. இங்கே கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் வேண்டிய அளவுக்கு மேலேயே நிற்கின்றன. அருகிப்போனவை புல்வெளியும் சோலைக் காடும் சதுப்பு நிலமும்தான்.

எங்கள் தெருவின் கீழ்ப்புறம் முன்பு ஒரு சதுப்பு இருந்தது. கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். குழாயில் தண்ணீர் வராத கோடை நாள்களில் அதன் ஓரத்து ஊற்றில்தான் தெருவே குடம் நிரப்பியது. பிறகு லாரி லாரியாக மண்ணைக் கொட்டி அதை மேடாக்கினார்கள். பின்னாலிருந்த சரிவைச் செங்குத்தாக வெட்டி ஒரு தங்கும் விடுதியைக் கட்டினார்கள். அந்த ஊற்று இன்னும் சாகவில்லை. விடுதியின் தடுப்புச் சுவரில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குழாய் வழியாக இரவும் பகலும் ஒழுகி, நேராகச் சாக்கடையில் விழுகிறது. அதே விடுதிக்குக் கோடையில் டேங்கர் லாரியில் தண்ணீர் வருவதை என் வாசலில் இருந்து பார்க்கிறேன். வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது அந்தச் சுவரின் விரிசல்களில் செம்மண் கலங்கல் வடியும். மேலே குடியிருப்பவர்கள் அந்த இரவுகளில் கண் மூடுவதில்லை.

சதுப்பின் கருமண் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. அதை மூடினால் கோடையில் ஓடை வற்றுவதோடு தீங்கு முடிந்துவிடாது. போக்கிடம் இழந்த நீர் சரிவின் மண்ணுக்குள்ளேயே தேங்கி அதன் பிடிப்பைத் தளர்த்துகிறது. கட்டடத்துக்காகச் சரிவின் அடிப்பகுதியும் வெட்டப்பட்டிருந்தால், ஒரு நாள் பெருமழையே போதும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் அடுத்தடுத்து மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். அந்த வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மலைப்பகுதிக் கட்டடங்களுக்கென 1993ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. 7 மீட்டர் என்ற உயர வரம்பும் இருக்கிறது. அவற்றை வரவேற்கிறேன். ஆனால் நிரப்பிய சதுப்பின் மேல் நிற்கும் இரண்டு தள விடுதியும் அந்த உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. எனவே கட்டட அனுமதி கோரும் ஒவ்வொரு வரைபடத்திலும் ஊற்று, ஓடை, சதுப்பு ஆகியவற்றைக் குறித்தாக வேண்டும் என்றும், மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் பார்க்காமல் அனுமதி தரக்கூடாது என்றும் விதி வர வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையைப் பார்த்துவிட்டு ‘இங்கே நீரோட்டம் இல்லை’ என்று எழுதுவது எளிது.

மழைநீர் சேமிப்பிலும் சமவெளியின் முறையை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. செங்குத்தான சரிவில் உறிஞ்சு குழி வெட்டி நீரை உள்ளே இறக்குவது அந்தச் சரிவுக்கே ஆபத்தாகலாம். கூரை நீரைத் தொட்டியில் பிடித்துப் புழங்குவதே எங்களுக்கு ஏற்றது. அறைகளின் எண்ணிக்கைக்குத் தக்க கொள்ளளவில் தொட்டி கட்டுவதை விடுதிகளுக்குக் கட்டாயமாக்கலாம்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், இங்கே வரும் சுற்றுலா வாகனங்கள் முன்கூட்டியே இணையத்தில் பெற வேண்டிய இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. நல்ல தொடக்கம் இது. இருப்பினும், வந்து தங்குவோரின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. 1820களில் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் ஓடைகளைத் தடுத்து உருவாக்கிய உதகை ஏரி, இன்று பேருந்து நிலையம் இருக்கும் பகுதி வரை பரந்திருந்தது. சுருங்கிப்போன அந்த ஏரிக்குள்தான் ஊரின் கழிவைக் கோடப்பமந்து கால்வாய் கொண்டுவந்து சேர்க்கிறது. ஏரிக்கரையில் புதிய பூங்காக்களும் நடைபாதைகளும் அமைப்பதற்கு முன்பாக, அந்தக் கால்வாயில் கழிவுநீரை விடும் இணைப்புகள் ஒவ்வொன்றையும் கண்டறிந்து பாதாளச் சாக்கடைக்குத் திருப்ப வேண்டும்.

கோத்தகிரியின் லாங்வுட் சோலை, அருகிலுள்ள பல கிராமங்களுக்கு இன்றும் குடிநீர் தருகிறது. உதகைக்குள் மிஞ்சியிருக்கும் சதுப்புகளும் அதே பாதுகாப்புக்கு உரியவை. அவற்றை அளந்து எல்லைக்கல் நட்டு, பட்டியலை நகராட்சி அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டும் வேலையை, அடுத்த பருவமழைக்கு முன் தொடங்குமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உதகமண்டலம்.