வாசலில் முகம் தெரிந்த ஒருவர் வேண்டும்: எங்கள் ஷூல் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பத்து வேலை நாட்களுக்குள் பதில் தருவோம் என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது, அதோடு சரி. அதனால் தமிழிலும் எழுதிப் பொதுவில் போடுகிறேன். உங்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். லண்டனில் எங்களைப் போலக் கலந்து கல்யாணம் செய்த குடும்பங்களில் இருக்கிற சிலர், "உங்கட ஷூலில என்ன பிரச்சினை?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். (ஷூல் என்பது யூதர் தொழுகைக்கூடம். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.) அவர்களும் வாசிக்கட்டும். தவிர, கோபத்தையும் மரியாதையையும் ஒரே வசனத்தில் வைக்க எனக்குத் தமிழில்தான் வரும். ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றில் கெஞ்சுகிறேன், இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறேன்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு வழிபாட்டுக்கும் வாசல் காவலோடு சேர்த்து, எங்கள் மூத்தவர்களின் முகம் தெரிந்த ஒருவரையும் நிறுத்துங்கள். கேற்றுக்கு உள்ளே நாலு கதிரை போடுங்கள். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் கூட்டக் குறிப்பில் அதை "ஒரு மூத்த உறுப்பினருக்கு ஏற்பட்ட சிறு அசௌகரியம்" என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அது எவ்வளவு சிறியது என்று சொல்கிறேன்.

அன்றைக்கு என் மாமாவின், அதாவது கணவரின் அப்பாவின், யார்ட்சைட். எங்கள் ஆட்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால் ஆண்டுத் திவசம். முதல் நாள் பொழுதுபட மாமி மெழுகுதிரி கொளுத்தி, அடுத்த நாள் பொழுதுபடும்வரை எரியட்டும் என்று சமையலறைச் சிங்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வழிபாட்டின் கடைசியில், அந்தக் கிழமையில் செத்தவர்களின் பெயர்களை ராபி (யூத மதகுரு) வாசிப்பார், அப்புறம் எல்லோரும் செத்தவர்களுக்கான கடிஷ் பிரார்த்தனையைச் சொல்வார்கள். வருடத்தில் அந்த ஒரு பெயரைக் கேட்கத்தான் மாமி போவார். அன்றைக்கு என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை, எனக்கு மகன் காய்ச்சலோடு படுத்திருந்தான். வயதானவர்களை ஏற்றும் வான் பிந்தி வந்தது. கேற்றுக்கு முன்னால் வாகனம் நிற்கக்கூடாது என்பது புது விதி என்பதால் வான்காரர் அவரை மூலையில் இறக்கிவிட்டார். அங்கிருந்து வோக்கரைத் தள்ளிக்கொண்டு, அந்த உடைந்த நடைபாதைக் கல்லுகளுக்கு மேலால், 86 வயது மனுஷி கேற்றுக்கு வந்து சேர்ந்தபோது அது பூட்டியிருந்தது. வழிபாடு தொடங்கி முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு பூட்டுவது அடுத்த புது விதி.

கேற்றில் நின்ற தம்பி மரியாதையானவன் என்று மாமியே சொன்னார். அவனில் எனக்குக் கோபம் இல்லை. கேட்கச் சொல்லிக் கொடுத்த கேள்விகளைக் கேட்டிருக்கிறான். பெயர் என்ன, ராபி யார், அடுத்து வருகிற பண்டிகை என்ன, இதற்கு முன் இங்கே வந்திருக்கிறீர்களா. கடைசிக் கேள்விக்கு மாமி, "கட்டடம் கட்ட முதலே வந்திருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அவன் கையிலிருந்த ரப்லெற்றில் பெயர் இல்லை. பெயர் பதிகிற படிவம் மின்னஞ்சலில் வருகிறது, மாமிக்கு மின்னஞ்சல் இல்லை. வோக்கி ரோக்கியில் உள்ளே கூப்பிட்டுப் பார்த்தான். உள்ளே இருந்தவர் வழிபாடு நடப்பதால் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். மாமி வீட்டுக்கு எடுக்க, நான் ஷூல் அலுவலகத்துக்கு எடுக்க, திங்கட்கிழமை அழைக்கவும் என்று ஒரு குரல் சொன்னது.

அப்புறம் மாமி எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பிடத்தில் போய் இருந்து, நேரத்தைப் பார்த்து, உள்ளே இப்போது சொல்வார்கள் என்று கணக்குப் போட்டு, தானும் கடிஷ் சொல்லியிருக்கிறார். பழைய முறையில் கடிஷ் சொல்லப் பத்துப் பேர் வேண்டும். எங்களைப் போன்ற லிபரல் சபைகளில் பெரும்பாலும் அதைக் கட்டாயமாக்குவதில்லை. நாங்கள் எவ்வளவு முற்போக்கானவர்கள் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் உங்களுக்குக் கிடைத்திராது.

முன்மண்டபத்துச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறதே, அடிக்கல் நாட்டிய அன்று எடுத்தது, அதில் தேத்தண்ணிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தலையைச் சரித்துச் சிரித்தபடி நிற்கிற பெண்தான் மாமி. முகம் உள்ளே சட்டகத்துக்குள் இருக்கிறது, ஆளை வெளியே நிறுத்தினீர்கள்.

காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படித் திருப்பிவிட வேண்டாம். 2025 ஒக்டோபர் 2, யோம் கிப்பூர் என்கிற பாவமன்னிப்பு நோன்பு நாளன்று, மன்செஸ்டர் ஹீற்றன் பார்க் ஷூலில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டு பேர் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கதவைத் தள்ளிப் பிடித்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை பேரோ. அன்று எங்கள் ஷூலிலும் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான். அந்தக் கேற்றுக்குப் பின்னால் என் பிள்ளைகள் ஹேடர் வகுப்பில் எபிரேய எழுத்துப் படிக்கிறார்கள். என் கணவர் முறை வரும்போது காவல் சட்டை போட்டுக்கொண்டு மழையில் நிற்கிறவர்தான். இதெல்லாம் ஏன் என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

செக்பொயின்ற் என்றால் என்ன என்பதிலும் யாரும் எனக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, இறங்கி நடந்து, ஏறி இருந்து வளர்ந்தவள். அங்கே முகம் பார்க்க நிறுத்தினவனைத் தலையாட்டி என்போம், அவன் தலையசைத்தால் ஆள் போய்விடும். நான் கேட்பது அதற்கு நேர்மாறான ஆள். "இவ எங்கட ஆள், உள்ளே விடு" என்று சொல்ல ஒருவர். யோசித்துப் பாருங்கள், காவலுக்கும் அதுதானே நல்லது? தெரிந்த முகத்தைத் தெரிந்தவர் சட்டென்று உள்ளே அனுப்பினால், தெரியாத முகத்தைப் பார்க்க அந்தத் தம்பிக்கு நேரம் கிடைக்கும். இப்போது அவன் தொண்ணூறு வயதுக்காரரிடம் அடுத்த பண்டிகையின் பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறான், வீதியில் வரிசை நீளுகிறது. வீதியில் நீளுகிற வரிசைதான் ஆபத்து என்று காவல் பயிற்சியில் சொன்னதாக என் கணவர் சொல்கிறார்.

இந்த மாதச் செய்திமடலையும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். செப்டெம்பர் 11 இரவு ரோஷ் ஹஷானா, யூதப் புத்தாண்டு 5787 பிறக்கிறது. 20 இரவு யோம் கிப்பூரைத் தொடக்கிவைக்கிற கொல் நிட்ரே வழிபாடு, 21 யோம் கிப்பூர். 25 இரவிலிருந்து பந்தல் போட்டுக் கொண்டாடுகிற சுக்கோத், ஒக்டோபர் தொடக்கத்தில் தோரா வாசிப்புச் சுற்று முடிந்து திரும்பத் தொடங்குகிற சிம்ஹாத் தோரா. இவற்றுக்கு நடுவில் சுக்காப் பந்தலுக்குக் கீழே பீட்சா, பல்சமயத் தேநீர், பண்டிகைக்கு முன் மனதை அமைதியாக்கும் பட்டறை (அதற்குத் தனிக் கட்டணம்), "எல்லோரையும் உள்ளடக்குவது எப்படி" என்று ஒரு கலந்துரையாடல். கடைசி நிகழ்ச்சிக்கு முன்பதிவு கட்டாயம், கியூஆர் கோடு மட்டும். இதைப் போட்டவருக்குச் சிரிப்பு வரவில்லையா? எங்கள் ஆட்களை மட்டும் நான் உயர்த்திச் சொல்லவும் மாட்டேன். ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போனால் வரிசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை, யார் காரை யார் மறித்தது என்று ஒலிபெருக்கியில் ஓயாமல் அறிவிப்பார்கள். ஆனால் ஒரு கிழவி வந்தால் யாரோ ஒருத்தன் "அம்மாவுக்கு வழி விடுங்கோ" என்று கத்துவான். அவனுக்கு ரப்லெற் தேவைப்படாது.

வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாமே என்று உங்களில் ஒருவர் என்னிடம் கனிவாகச் சொன்னார். பார்க்கலாம். படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி, அதை நிறுத்தவேண்டாம். ஆனால் மாமி படுக்கையில் இல்லை, உடுத்திக்கொண்டு, லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு, வாசல்வரை வந்து நின்றவர். வழிபாடு முடிந்து எல்லோரும் கூடுகிற கிடுஷ் மேசையில் ஹல்லாப் பாணைப் பிய்த்துத் தருகிற கையை நேரலையில் பிடிக்க ஏலாது. அவரோடு படித்தவர்களில் மிஞ்சியிருக்கிற ரெண்டு பேரை அவர் சந்திக்கிற ஒரே இடம் அந்த மேசைதான்.

யோம் கிப்பூர் வழிபாட்டில் 71ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வரி வரும், முதுமைக் காலத்தில் எங்களைத் தள்ளிவிடாதேயும் என்று. எல்லோரும் எழும்பி நின்று சொல்கிற இடம், நல்ல மெட்டும் கூட. இந்த வருடம் அதைச் சொல்லும்போது கேற்றுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒருவரை அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் லிபரல் யூத இயக்கம் எப்படித் தொடங்கியது என்று எனக்குச் சொல்லித் தந்ததும் மாமிதான். 1902இல் லில்லி மொண்டெகுவும் குளோட் மொண்டிஃபியோரும் மற்றவர்களும் மேரில்போனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் முதல் வழிபாட்டை வைத்தார்கள். சனி காலையில் வேலைக்குப் போகிறவர்களும் வரட்டும் என்று பின்னேரத்தில் வைத்தார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து இருந்தார்கள், எபிரேயம் தெரியாதவருக்கும் விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்திலும் தொழுதார்கள். வர முடியாமல் இருந்தவர்களை வரவைக்கத்தானே இவ்வளவும்? பெண்களை ராபி ஆக்கினீர்கள். தாய் யூதராக இல்லாவிட்டாலும் பிள்ளையை ஏற்றுக்கொண்டீர்கள், அதனால்தான் என் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. 2025இல் லிபரலும், இன்னொரு முற்போக்கு யூத இயக்கமான ரிஃபோர்மும் ஒரே இயக்கமாகச் சேர்வதற்கு வாக்களித்து முடித்தீர்கள். இவ்வளவு செய்யத் தெரிந்தவர்களுக்கு நாலு கதிரை போடத் தெரியாதா?

நீ யூதரே இல்லை, உனக்கு இதில் என்ன என்று யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை, அந்த அளவுக்கு நாகரிகம் இருக்கிறது. "இது கொஞ்சம் உள்விவகாரம்" என்று மட்டும் ஒருவர் சொன்னார். சரி. கிடுஷ் முடிந்தபின் கோப்பை கழுவுவது எந்த விவகாரம் என்று அவரிடம் கேட்கவேண்டும், அதற்கு என்னை ஒருநாளும் யாரும் வெளியில் நிறுத்தவில்லை.

கோபத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன், மன்னிக்கவேண்டும். திரும்பவும் பணிவாகவே கேட்கிறேன். ரோஷ் ஹஷானா இரவிலிருந்தே, ஒவ்வொரு வழிபாட்டுக்கும், மூத்தவர்களின் முகம் தெரிந்த ஒருவர் வாசலில் நிற்கட்டும். தொண்டர் கிடைக்காது என்று சொல்லவேண்டாம். பழைய ஆட்களில் நாலைந்து பேர் தாங்களே முறை போட்டுச் செய்யத் தயாராக இருக்கிறார்கள், நான் கேட்டுவிட்டேன், பெயர்களை அலுவலகத்தில் தருகிறேன். மின்னஞ்சல் இல்லாதவர்களின் பெயரை ஒரு கடதாசியில் எழுதி வாசலில் வையுங்கள். கேற் பூட்டினபிறகு வருகிற மூத்தவருக்கு உள்ளேயிருந்து ஒருவர் வந்து திறக்கட்டும், அந்த வோக்கி ரோக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு அவர் முன்மண்டபத்தில் இருந்தால் போதும், வழிபாடு கெடாது. காவலரின் சம்பளம் உள்துறை அமைச்சின் நிதியில் வருகிறது. முகம் தெரிந்தவருக்குச் சம்பளமே வேண்டாம், ஒரு தேத்தண்ணி காணும்.

மாமி கொல் நிட்ரேக்கு வருவார். வரமாட்டேன் என்று முதலில் சொன்னார், பிறகு நீல உடுப்பை உலர்சலவைக்குக் கொடுக்கச் சொன்னார், ஆகவே வருவார். உங்கள் முடிவை எனக்கு அல்ல, அவருக்கே சொல்லுங்கள். அவருடைய தொலைபேசி இலக்கம் உங்கள் பழைய உறுப்பினர் புத்தகத்தில் இருக்கிறது, இன்றுவரை மாறவில்லை. இரவு எட்டு மணிக்கு முன் எடுங்கள், கொஞ்சம் சத்தமாகக் கதையுங்கள்.

அன்போடும் மரியாதையோடும்,
ஒரு மருமகள்

பி.கு. சுக்கோத் சனிக்கிழமை கிடுஷ் முறை எங்கள் வீட்டுடையது. கடலை வடை கொண்டுவருவேன். உறைப்பு போன வருடத்தைவிடக் குறைவாக இருக்கும்.