ஆயிரம் கேசட்

சாந்தியாகோ, சிலி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமலே வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. என் நமஸ்காரத்தைச் சொல். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. வேலை வழக்கம்போல ஓடுகிறது.

இன்று காலை பியோ பியோ சந்தைக்குப் போனேன். பழைய சாமான் குவிந்து கிடக்கும் இடம். ஒரு பெரியவர் கடையில் லோஸ் ப்ரிசியோனேரோஸ் என்ற சிலி ராக் குழுவின் முதல் ஆல்பம் கேசட்டாகக் கிடைத்தது. ‘லா வோஸ் தே லோஸ் ஓச்சென்ட்டா’, அதாவது 80களின் குரல். டப்பாவில் கீறல். உள்ளே இருக்கும் அட்டை மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. இரண்டு பாட்டுக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் டிக் அடித்திருக்கிறார்கள். முதல் பதிப்பா என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். 1984 டிசம்பரில் முதலில் வந்தது ஆயிரம் கேசட்தானாம், எனக்குக் கிடைத்தது அடுத்த வருஷம் இஎம்ஐ என்ற இசைக் கம்பெனி மறுபடி போட்டதாம்.

குழுவின் பெயருக்குக் ‘கைதிகள்’ என்று அர்த்தம். பினோசெட்டின் ராணுவ ஆட்சியில், அதுவும் நவம்பரில் ‘முற்றுகை நிலை’ என்ற கடுமையான நெருக்கடி நிலை அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்த நேரத்தில், அந்தப் பெயரோடு ஆல்பம் போட்டிருக்கிறார்கள். ஹோர்ஹே கொன்சாலஸ் பாட்டும் பேஸ் கிட்டாரும், கிளாவுதியோ நாரேயா கிட்டார், மிகேல் தாப்பியா டிரம்ஸ். மூன்று பேரும் நகரின் தெற்கே சான் மிகேல் பகுதிப் பையன்கள், ஒரே பள்ளிக்கூடம். இருபது வயசை ஒட்டிய பருவம். பெரிய கம்பெனி எதுவும் வெளியிடவில்லை. நண்பன் கார்லோஸ் ஃபொன்சேகாவின் குடும்பம் நடத்திய ஃபுசியோன் என்ற இசைத்தட்டுக் கடையின் பெயரில்தான் வெளியிட்டார்கள்.

ஒலி மெலிசுதான். மூன்று வாத்தியம், நடுவே நிறைய வெற்றிடம். ஆனால் அந்த வெற்றிடத்தால்தான் ஹோர்ஹேயின் ஒவ்வொரு சொல்லும் காதில் வந்து அறைகிறது. தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் ராக் குழுவைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும்.

என்னை உலுக்கியது கடைசிப் பாட்டு. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘நீ யாரிடமும் கெட்ட பேர் வாங்க மாட்டாய்’. யாரைச் சொல்கிறார்கள் தெரியுமா? ஆட்சிக்காரர்களை அல்ல. எதிர்ப்புப் பாட்டு என்ற பெயரில் யாருக்கும் வலிக்காமல் பாடிக் கைதட்டல் வாங்கும் கிட்டார்க்காரர்களை! எதிர்ப்புப் பாடகர் விக்டர் ஹாராவை 1973இல் ராணுவம் கொன்ற நாடு இது. அந்த மரபில் வந்த பாடகர்களுக்கு எதிரணியில் அவ்வளவு மரியாதை. அவர்களையே கேள்வி கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ‘நமக்குக் கொடிகள் தேவையில்லை’ என்று இன்னொரு பாட்டு. எந்தப் பக்கமும் போய் ஒதுங்கிக்கொள்ளவில்லை. இந்த ஆல்பத்தை நான் நேசிப்பது அதற்காகத்தான்.

அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் வந்த ‘மிஞ்சியவர்களின் நடனம்’ 2019இல் இங்கே நடந்த மக்கள் போராட்டத்தில் தெருவெல்லாம் ஒலித்தது. எல்லோருக்கும் அதுதான் பெரிது. எனக்கு என்னவோ இந்த முதல் கேசட்தான். மதியம் மெட்ரோ ஏறி சான் மிகேல் வரை போய், கிரான் அவெனிதா சாலையில் கொஞ்ச தூரம் நடந்தேன். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. பஸ்கள், மருந்துக் கடை, சுவரில் ஒட்டிய போஸ்டர்கள். ஆனாலும் நடக்கத் தோன்றியது.

2015இல் ஹோர்ஹேவுக்கு மூளையில் ரத்த அடைப்பு வந்தது. அதற்கப்புறமும், 2017 ஜனவரியில் தேசிய ஸ்டேடியம் மேடையில் உட்கார்ந்தபடியே பாடினார். அந்த வீடியோவை என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை, சேகர்.

உன் அப்பாவின் டேப்ரெக்கார்டர் இன்னும் ஓடுகிறதா? பெல்ட் போயிருந்தால் மாற்றி வை. டிசம்பரில் வரும்போது கேசட்டைக் கொண்டுவருகிறேன். வரிகளை ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், நான்கு பாட்டு முடிந்தது.

அன்புடன்,
ரவி