ஆடிக் குளிரும் உன் பக்கியும்

லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க், தென்னாப்பிரிக்கா, ஜூலை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். ஆடி பிறந்துவிட்டது, அம்மன் கோவிலில் கூழுக்கு அடுப்பு மூட்டும் நேரத்தில் வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உங்கள் நார்த்டேலில் இவ்வளவு இருக்காது. ஆனால் உன் பக்கிக்கு, அந்தச் சின்னச் சரக்கு வண்டிக்கு, அந்தக் குளிரே போதும் போலிருக்கிறது.

இப்போது வண்டி விஷயம். நீ ஒரே கோளாறாக எழுதியிருக்கிறாய், எனக்கு இரண்டாகத் தெரிகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகி, முதல் கியரில் எடுக்கும்போது விக்கி, சமயத்தில் அணைந்துபோவது ஒன்று. ஹில்டன் மேட்டில் மூடுபனிக்குள் பத்து நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு, சிவப்பு ரோபோட்டில் (டிராஃபிக் விளக்கில்) நிற்கும்போது அணைவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை எத்தனை தடவை கழற்றினாலும் விடிவு இல்லை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் முழுசாக ஆவியாகாது. சட்டி மூடியில் நீராவி படிகிற மாதிரி சிலிண்டருக்குப் போகும் மேனிஃபோல்ட் குழாயின் சுவரில் படிந்து நின்றுவிடும், சிலிண்டருக்குப் போய்ச் சேருவது லீனான, அதாவது பெட்ரோல் குறைந்த, கலவை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக். நாளைக் காலை விக்கும் அதே நொடியில் சோக்கை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்துப் பார். வண்டி சுதாரித்துக்கொண்டு ஓடினால் கலவை லீன். இன்னும் மோசமாகி, புகைபோக்கியில் கருப்பாக வந்தால் ரிச், பெட்ரோல் கூடுதல். இதைப் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரைத் தொடாதே.

லீன் என்றுதான் வரும் என்று நினைக்கிறேன். அது ஹைவெல்டில், எங்கள் இந்த மேட்டுநிலத்தில், ஓடிய வண்டி. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் 650 சொச்சம். கடலோரத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே கார்புரேட்டரைக் கடலோரத்திலிருந்து இங்கே கொண்டுவந்தால் கலவை 9, 10 சதவீதம் ரிச்சாகிவிடும். அதனால் இங்கே பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சிறிதாக்கி, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) கலவையைச் சரிசெய்யும் ஐடில் ஸ்க்ரூவையும் உள்ளே திருகிவிடுவார்கள். அந்த வண்டி அப்படியே மலை இறங்கினால் அங்கே லீன். எஞ்சின் சூடானபின் அது வெளியே தெரியாது, குளிரில் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

ஜெட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. எஞ்சினை அணைத்து, ஏர் கிளீனர் மூடியை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடான த்ராட்டிலைக் கையால் சட்டென்று திற. திறந்த அந்தக் கணமே ஆக்சிலரேட்டர் பம்பிலிருந்து பெட்ரோல் கோடாகப் பீய்ச்ச வேண்டும். தாமதித்து வந்தாலோ சொட்டினாலோ, பம்பின் ரப்பர் இறுகிப்போயிருக்கும், இல்லை அடியிலுள்ள சின்னக் குண்டு வால்வு ஒட்டியிருக்கும். எடுக்கும்போது விக்குகிற வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பம்பைத்தான். ரிப்பேர் கிட் வாங்கினால் கேஸ்கெட்டும் சேர்ந்தே வரும்.

அடுத்தது காற்றுக் கசிவு. கார்புரேட்டரின் அடி கேஸ்கெட், மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய், டிஸ்ட்ரிபியூட்டர் வேக்கும் குழாய், இத்தனை இடமும் பார். குளிரில் உலோகம் சுருங்கித் திறந்துகொண்டு, சூடானதும் தானே அடைத்துக்கொள்ளும் கசிவும் உண்டு. அதனால் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சோதி. ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டாகத் தண்ணீரைப் பூவாகத் தெளி. எங்கே தெளிக்கும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் ப்ளக் வயரிலும் மட்டும் தண்ணீர் படக்கூடாது. சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள், அந்த விளையாட்டே வேண்டாம்.

சோக் கம்பியை முழுக்க இழுத்தால் தகடு முழுசாக மூடுகிறதா, உள்ளே தள்ளினால் நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார். சோக் இழுக்கும்போது த்ராட்டிலும் ஒரு மயிரிழை திறக்க வேண்டும், குளிரில் நிமிஷத்துக்கு 1,500 சுற்றுக்குக் குறையாமல் ஓடுவது அதனால்தான். அந்த இணைப்புக் கம்பி வளைந்திருந்தால் சோக் இருந்தும் வண்டி அணையும். ஹிட்டாச்சி கார்புரேட்டர் என்றால் மிதவைத் தொட்டியில் சின்னக் கண்ணாடி இருக்கும், சமதரையில் பெட்ரோல் அந்தக் குறியில் நிற்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.5 மி.மீ., ப்ளக் 0.8.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஜெட்டுக்கு வா. அதில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டம், 100 என்றால் 1 மி.மீ. விட்டம் 5 சதவீதம் குறைந்தால் துளையின் பரப்பு 10 சதவீதம் குறையும். ஆகவே 100 இருந்த இடத்தில் 95 போட்டிருந்தால், அது உயரத்துக்காகச் செய்த வேலைதான். உன் ஊருக்குப் பழைய எண்ணோ, அதற்கு ஒரு படி கீழோ பொருந்தும். ஐடில் ஸ்க்ரூவை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் திருக வேண்டும். இங்கே ப்ளக் பொறி விழும் டைமிங்கையும் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள், 93 ஆக்டேன் பெட்ரோலும் போதும். அங்கே மேடு ஏறும்போது டிக் டிக்கென்று தட்டினால் டைமிங்கை 2, 3 டிகிரி பின்னே கொண்டுவந்து, 95 ஊற்று.

இனி ஹில்டன் மூடுபனி. இங்கத்திய குளிர் எலும்பைத் துளைத்தாலும் வறண்ட குளிர். உங்கள் பக்கம் 5 முதல் 15 டிகிரியும் ஈரக்காற்றும் சேர்ந்து வரும், கார்புரேட்டருக்கு அதுதான் ஆபத்து. பெட்ரோல் ஆவியாகும்போது தொண்டைப் பகுதி சுற்றியுள்ள காற்றைவிட 20 டிகிரி வரைகூடக் குளிர்ந்துபோகும். ஈரம் த்ராட்டில் தகட்டருகே பனிக்கட்டியாகப் படிந்து ஐடில் துவாரத்தை அடைக்கும். அணைந்தபின் ஐந்து நிமிஷம் சும்மா விட்டால், எஞ்சின் சூட்டில் கட்டி உருகி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அணைந்ததும் பானெட்டைத் திறந்து பார்த்தால் கார்புரேட்டரின் அடிப்பாகத்தில் வெளியே பனி பூத்திருக்கலாம்.

உன் பக்கியில் பிராஞ்ச் (கம்பெனிக் குழாய்க்குப் பதிலாக மாட்டும் புகைக் குழாய்) மாட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை எடுத்ததும் கார்புரேட்டருக்கு அடியிலிருந்த சூடு போயிற்று, ஏர் கிளீனர் மூக்குக்குச் சூடான காற்று ஏற்றும் தகரக் கூடும் போயிற்று. சத்தம் அழகுதான், உங்கள் மிட்லண்ட்ஸ் பக்கத்து மூடுபனிக்கு உதவாது. பழையது கிடைத்தால் திரும்ப மாட்டு. இல்லையென்றால் பிராஞ்சைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு செய்து, அங்கிருந்து மூக்குக்கு அலுமினியச் சுருள் குழாய் இழு, மூக்கின் விட்டத்தை அளந்துகொண்டு வாங்கு. ஏர் கிளீனரில் கோடை, குளிர் என்று நெம்புகோல் இருந்தால் குளிர்ப் பக்கம் வை, செப்டம்பரில் மாற்றிவிடு.

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைக்கும் தெர்மோஸ்டாட்டையும் பார். சூடான நாட்டுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிந்தவர்கள் உண்டு, அப்படிப்பட்ட எஞ்சின் காலை முழுக்கக் குளிர்ந்தே ஓடி, பெட்ரோல் ஆயிலில் கலந்து தேய்மானம் கூடும். ஸ்டார்ட் செய்தவுடனே ரேடியேட்டரின் மேல் குழாய் மெதுவாகச் சூடேறிக்கொண்டே வந்தால், உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது. சில நிமிஷம் குளிர்ந்திருந்து, பிறகு திடீரென்று சுட்டால் நல்லது. 82 டிகிரியில் திறக்கத் தொடங்குவதாக வாங்கு. கொதிநீரில் போட்டுச் சோதித்துவிட்டு மாட்டலாம், உன் ஊரில் தண்ணீர் 98க்குக் கிட்டக் கொதிப்பதால் முழுக்கத் திறந்து காட்டும். இங்கே 94இலேயே கொதித்துவிடும், அரைகுறையாகத் திறந்ததைப் பார்த்துப் பழுது என்று தள்ளிவிடக் கூடாது.

பம்பையும் கசிவையும் பார்த்துவிட்டு, ஜெட்டின் எண்ணைப் படித்து எழுது. என் டப்பாவில் 95, 98, 100 மூன்றும் கிடக்கின்றன. மாதக் கடைசியில் தம்பி கூழ் ஊற்ற அந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கழற்றின ஜெட்டைத் தூர எறியாமல் அவனிடமே கொடு, இங்கே தேவைப்படும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி