இடது கை நீட்டிய தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்று திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரியெல்லாம் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள், கஞ்சி கொண்டுவந்தவர்கள், பணத்தைக் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவர்கள், அதாவது அம்மா கேப்டனாக (சாரணர் இயக்கத்தில் பெண் பிள்ளைகள் படையின் தலைவியாக) இருந்தபோது அவரிடம் இருந்த பழைய சாரணியர்... பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போகும். எல்லோருக்கும் நன்றி.

ஆனால் ஒருவரைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்துக் கட்டில் தாத்தாவின் பேரன், கல்லூரிப் பையன், திரிசாரணர் (சாரணர் இயக்கத்தில் வளர்ந்த பையன்களுக்கான பிரிவு). அம்மாவின் கைப்பையில் குத்தியிருந்த சாரணியரின் மூவிலை பேட்ஜைப் பார்த்துவிட்டு நேரே வந்து இடது கையை நீட்டினான். வலது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் வந்தவர்கள் எல்லாம் தொடப் பயந்து கால்மாட்டிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். சாரணர்கள் கைகுலுக்குவது இடது கையால்தானே! யார் கூப்பிட்டும் அசையாமல் கிடந்தவர் கையைத் தூக்கிக் கொடுத்தார்.

அதோடு விட்டானா? "லட்சுமி மஜும்தாரைப் பார்த்திருக்கீங்களா கேப்டன்?" என்றான். மத்தியப் பிரதேசத்தில் உள்ள பச்மரிக்குச் சாரணர் பயிற்சிக்குப் போனபோது, அம்மா வரிசையில் நின்று தூரத்திலிருந்து பார்த்ததுதான். ஆனால் 1964 முதல் 1983 வரை லட்சுமி மஜும்தார் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தேசிய ஆணையராக இருந்தது, ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்த அத்தனை பெரிய இயக்கத்தை ஒரு பெண் நடத்தியது, 1969இல் உலகச் சாரணர் அமைப்பின் வெண்கல ஓநாய் விருது வாங்கியது எல்லாம் அம்மா சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். டெல்லித் தலைமையகக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான், ஆனாலும் இங்கே சீருடை போடும் பிள்ளைகளுக்குக் கூட அவரைத் தெரியவில்லையே என்பது அம்மாவின் தீராத ஆதங்கம். ஒரு பையன் தானாகக் கேட்டதும், குழறிக் குழறித்தான், ஆனால் பேச ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் வந்து அதட்டும்வரை நிறுத்தவில்லை.

மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லவில்லை, டாக்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பரணில் கிடக்கும் அம்மாவின் விசில், கொடிகள், முடிச்சுக் கயிறுகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு இருந்தது. இனி அந்தப் பேச்சே கிடையாது. சாரணியர் உலகெங்கும் கொண்டாடும் பிப்ரவரி 22 சிந்தனை நாளுக்குள் எல்லாவற்றையும் தூசி தட்டி எங்கள் ஊர்ப் பள்ளியின் நீலப்பறவையர் (இயக்கத்தின் சின்னப் பெண் பிள்ளைகள்) குழுவுக்குக் கொடுக்கப் போகிறேன், முடிச்சுப் போடச் சொல்லித்தர சனிக்கிழமைகளில் நானே போவேன்.

தம்பி, தாத்தா எப்படி இருக்கிறார்? இதைப் பார்த்தால் வீட்டுக்கு வா. உன் லாக் புக்கை, அதான் சாரணர் பதிவேட்டை, கொண்டுவரச் சொல்கிறார் கேப்டன்.